ஐந்தாவது பின்: ஜிபிஎஸ் நொடித் துடிப்புக்கு ஓர் இடைமுகச் சுற்று

ஜிபிஎஸ் ரிசீவர் பலகையின் பின்களை எண்ணிப் பாருங்கள். மின்சாரத்துக்கு இரண்டு, தரவு அனுப்பவும் வாங்கவும் இரண்டு. நல்ல பலகையாக இருந்தால் ஐந்தாவதாக ஒன்று இருக்கும், அதன் அருகே பிபிஎஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். வழி தேடுவதற்காக ரிசீவர் வாங்குபவர்கள் அதைத் தொடுவதே இல்லை. கணினியின் நேரத்தைத் துல்லியமாக வைக்க விரும்பும் எனக்கோ அந்த ஒரு பின்னுக்காகத்தான் ரிசீவரே வேண்டும்.

அந்தப் பின்னில் நொடிக்கு ஒரு மின்துடிப்பு வருகிறது. பிபிஎஸ் (பல்ஸ் பர் செகண்ட்) என்பதன் பொருளும் அதுவே. துடிப்பு 0 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு ஏறும் அந்தக் கணமே நொடியின் தொடக்கம். யூ-பிளாக்ஸ் நியோ-6எம் போன்ற மலிவான ரிசீவரில்கூட இந்த ஏறும் விளிம்பின் பிழை 30 நானோ நொடி அளவுதான் என்று அதன் தரவுத்தாள் சொல்கிறது. ஒளி 9 மீட்டர் போவதற்கு ஆகும் நேரம் அது.

தரவுக் கம்பியிலும் நேரம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் எழுத்தெழுத்தாக வருகிறது. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 1 மில்லி நொடி ஆகும். 70 எழுத்துள்ள ஒரு வரி வந்து முடிவதற்குள் 70 மில்லி நொடி கடந்துவிடுகிறது. இது எந்த நொடி என்பதைத் தரவு சொல்லும், அது எப்போது தொடங்கியது என்பதைத் துடிப்பு சொல்லும். இரண்டும் வேண்டும். ஆனால் எளிதில் கெட்டுப்போவது துடிப்புதான். அதன் ஏறும் விளிம்பைக் கெடாமல் வெளியே கொண்டுவருவதே நாம் கட்டப்போகும் சுற்றின் வேலை.

ரிசீவரின் பின்னை நேராக ஒரு நீண்ட கேபிளில் இணைத்தால் என்ன? அந்தப் பின் சில மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. 50 ஓம் கோஆக்ஸ் கேபிளை (நடுக்கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ள கேபிள்) ஓட்ட அது போதாது. விளிம்பு சாய்ந்துவிடும், கேபிளின் மறுமுனையில் எதிரொலித்துத் திரும்பும், தவறுதலாக எங்காவது ஷார்ட் ஆனால் ரிசீவரே போய்விடும். ஆகவே நடுவில் ஒரு பஃபர், அதாவது துடிப்பை வாங்கி வலுவாக வெளியே தரும் சுற்று, வேண்டும்.

தேவையான பொருட்கள்

பஃபருக்கு 74ஏசிடி14 ஐசி ஒன்று. 150 ஓம் ரெசிஸ்டர் மூன்று, 330 ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று, 100 கிலோ ஓம் ஒன்று. 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெபாசிட்டர், 10 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், எல்இடி, கோஆக்ஸ் கேபிளை மாட்ட பிஎன்சி சாக்கெட், டாட் போர்டு. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் பெரும்பாலானவை கிடைத்துவிடும்.

ஐசி வாங்கும்போது அதன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று 74ஏசி14 கொடுத்தால் வாங்காதீர்கள். 5 வோல்ட்டில் இயங்கும் ஏசி வகை, உள்ளீடு 3.3 வோல்ட்டைத் தாண்டினால்தான் அதை 'உயர்' என்று ஏற்கக்கூடும். நம் ரிசீவர் தருவதே 3.3 வோல்ட். ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. ஏசிடி வகைக்கு 2 வோல்ட்டே போதும். 74எச்சிடி14 நம் துடிப்பைச் சரியாகப் படிக்கும், ஆனால் கேபிளை ஓட்டும் வலு அதற்கு இல்லை.

சுற்றைக் கட்டுதல்

ஐசியின் வெட்டு இடப்பக்கம் இருக்குமாறு மேலிருந்து பார்த்தால், கீழ்வரிசையில் இடது ஓரப் பின்தான் 1. அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எண்ணுங்கள். முதலில் மின்சாரம்: 14ஆம் பின்னுக்கு 5 வோல்ட், 7ஆம் பின்னுக்குத் தரை (0 வோல்ட்). இந்த இரண்டுக்கும் இடையில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை ஐசியை ஒட்டியே பற்றவையுங்கள். இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான். 10 மைக்ரோ ஃபாரட் சற்றுத் தள்ளி இருக்கலாம்.

ரிசீவரின் பிபிஎஸ் பின்னிலிருந்து 330 ஓம் வழியாக ஐசியின் 1ஆம் பின்னுக்கு வாருங்கள். 1ஆம் பின்னிலிருந்து தரைக்கு 100 கிலோ ஓம் போடுங்கள். ரிசீவரைக் கழற்றி வைத்திருக்கும்போது உள்ளீடு அந்தரத்தில் தொங்காமல் இது பார்த்துக்கொள்ளும். ரிசீவருக்கு மின்சாரம் இருந்து பஃபருக்கு இல்லாத நேரத்தில் ஐசிக்குள் அளவுக்கு மீறி மின்னோட்டம் பாயாமல் 330 ஓம் தடுக்கும்.

ஐசிக்குள் ஆறு கேட்டுகள் (உள்ளீடும் வெளியீடும் உள்ள தனித்தனிச் சிறு சுற்றுகள்) இருக்கின்றன. ஒவ்வொன்றும் துடிப்பைத் தலைகீழாக்கும். முதல் கேட்டின் வெளியீடான 2ஆம் பின்னை 3, 5, 9, 11 ஆகிய நான்கு பின்களுக்கும் கொண்டுபோங்கள். 4, 6, 8 ஆகிய மூன்று வெளியீடுகளிலும் தலா ஒரு 150 ஓம் ரெசிஸ்டரை வைத்து, மறுமுனைகளை ஒன்றாகச் சேர்த்து பிஎன்சியின் நடுமுனையில் இணையுங்கள். மூன்று 150 ஓம் பக்க இணைப்பில் 50 ஓம். கேபிளின் மின்மறுப்புக்கு இதுவே பொருத்தம். மறுமுனையில் 50 ஓம் இருந்தால் அங்கே சுமார் 2.4 வோல்ட் கிடைக்கும். ஓடும் 48 மில்லி ஆம்பியரை மூன்று கேட்டுகள் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொன்றுக்கும் 16 வருகிறது. ஒரு கேட்டுக்கு உரிய அளவு 24 மில்லி ஆம்பியர். மூன்றும் ஒரே ஐசிக்குள் இருப்பதால் ஒன்றாகவே மாறும். வெவ்வேறு ஐசிகளின் கேட்டுகளை இப்படிச் சேர்க்காதீர்கள்.

10ஆம் பின்னிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக எல்இடியை இணைத்து அதன் மறுமுனையைத் தரையில் சேருங்கள். எஞ்சிய கேட்டின் உள்ளீடான 13ஆம் பின்னைத் தரையோடு இணைத்துவிடுங்கள். 12 சும்மா இருக்கட்டும்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்குத் துடிப்பைக் கொடுக்க நினைப்பவர்கள் பிஎன்சியிலிருந்து எடுக்கவே கூடாது. மறுமுனையில் 50 ஓம் இல்லாவிட்டால் அங்கே 5 வோல்ட் நிற்கும், பையின் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரிசீவரின் பிபிஎஸ்ஸிலிருந்தே தனியாக ஒரு 330 ஓம் வழியாக எடுங்கள். 5 வோல்ட் துடிப்பு தரும் பழைய ரிசீவர் உங்களிடம் இருந்தால், துடிப்பை 1.8 கிலோ ஓம் வழியாகக் கொண்டுவந்து அங்கிருந்து தரைக்கு 3.3 கிலோ ஓம் போடுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் 3.2 வோல்ட் கிடைக்கும்.

சோதனை

ஆன்டெனாவை வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் வையுங்கள். மொட்டை மாடி சிறப்பு. இடி மின்னல் நேரத்தில் கேபிளைக் கழற்றிவிடுங்கள். யூ-பிளாக்ஸ் ரிசீவர்கள் செயற்கைக்கோள்களைப் பிடிக்கும்வரை துடிப்பு தராதபடியே பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கும். எனவே எல்இடி உடனே மின்னவில்லை என்று பற்றவைப்பைப் பிரிக்காதீர்கள், சில நிமிடம் பொறுங்கள். முதல்முறை இயக்கும்போது நேரம் சில நொடிகள் தள்ளிக் காட்டினாலும் கலங்க வேண்டாம். ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் 2017 முதல் 18 நொடி வித்தியாசம். அதைச் சொல்லும் செயற்கைக்கோள் செய்தி முழுதும் ஒருமுறை வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும்.

மின்துடிப்பின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப் கிடைத்தால் பிஎன்சி வெளியீட்டைப் பாருங்கள். விளிம்பின் உச்சியில் நெளிவுகள் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரோபின் (ஆஸிலோஸ்கோப்பின் அளவுமுனை) நீளமான தரைக் கம்பியை. அதைக் கழற்றி, முனையிலேயே மாட்டும் குட்டைச் சுருளைப் போட்டால் பெரும்பாலான நெளிவு மறைந்துவிடும்.

நான் கட்டிய முதல் பலகையில் ஒரே ஒரு கேட்டைத்தான் பயன்படுத்தினேன். துடிப்பு அழகாக வந்தது, எல்இடியும் மின்னியது. கணினியின் நேரம் மட்டும் சரியாக 100 மில்லி நொடி பின்தங்கியிருந்தது. ஒரு ஞாயிறு முழுதும் மென்பொருளில் தேடினேன். காரணம் சுற்றில் இருந்தது. ஒரு கேட் துடிப்பைத் தலைகீழாக்கிவிட, நொடியைக் குறிக்கும் ஏறும் விளிம்பு இறங்கும் விளிம்பாகிவிட்டது. கணினி அடுத்து வந்த ஏறும் விளிம்பை, அதாவது துடிப்பின் முடிவை, நொடியென்று எடுத்துக்கொண்டது. என் ரிசீவரின் துடிப்பு அகலம் 100 மில்லி நொடி. மேலே துடிப்பு இரண்டு கேட்டுகளைக் கடந்து போவது இதற்காகத்தான். உங்கள் பிழை துடிப்பின் அகலத்துக்குச் சமமாக வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

கடைசியாக இரண்டு அமைப்புகள்

நியோ-எம்8டி போன்ற நேரத்துக்கென்றே செய்த ரிசீவர் வைத்திருப்பவர்கள் அதன் நிலைத்த இடப் பயன்முறையை இயக்குங்கள். சாதாரண ரிசீவர் ஒவ்வொரு முறையும் நான்கு விடைகளைத் தேடுகிறது: இடத்துக்கு மூன்று, நேரத்துக்கு ஒன்று. அதனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். ஆன்டெனா நகரப்போவதில்லை என்று சொல்லிவிட்டால், ரிசீவர் தன் இடத்தைப் பொறுமையாக அளந்து வைத்துக்கொண்டு, பிறகு நேரத்தை மட்டும் தேடும். அப்போது ஒரே ஒரு செயற்கைக்கோள் தெரிந்தாலும் துடிப்பு நிற்காது. பாதி வானம் மட்டும் தெரியும் ஜன்னலோரத்தில் ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

இரண்டாவது, ஆன்டெனா கேபிளின் தாமதம். ஆர்ஜி-58, ஆர்ஜி-174 போன்ற கேபிள்களில் சமிக்ஞை ஒரு மீட்டர் கடக்க 5 நானோ நொடி எடுக்கிறது. யூ-பிளாக்ஸ் ரிசீவரில் இந்த மதிப்பு 50 நானோ நொடி என்று முன்கூட்டியே இடப்பட்டிருக்கும், அதாவது 10 மீட்டர் கேபிள். மாடியிலிருந்து 20 மீட்டர் இழுத்திருந்தால் 100 என்று மாற்றுங்கள். நம் இரண்டு கேட்டுகளின் தாமதத்தையும் ஈடுகட்ட விரும்பினால் அதோடு 15 சேர்த்துக்கொள்ளலாம்.