‘பாவம்’ என்று நினைத்து ‘பதெட்டிக்’ என்று எழுதாதீர்கள்

செங்கோட்டை, கம்பம், களியக்காவிளைப் பக்கம் இழப்பீட்டு மனுவும் இரங்கல் கடிதமும் பல நேரம் ஆங்கிலத்தில்தான் போகின்றன. கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தில் தமிழ் வாசிக்க ஆள் இருப்பார் என்று நம்பி உட்கார முடியாது. அப்படி எழுதும்போது பெரும்பாலோர் சறுக்குவது துன்பத்தையும் தோல்வியையும் சொல்லும் பெயரடைகளில். பாவம், துரதிர்ஷ்டம், வீண் என்ற மூன்றை வைத்து நாம் சமாளிக்கும் இடத்தில் ஆங்கிலம் ஒரு கூடை நிறையச் சொற்களை வைத்திருக்கிறது. ஒன்றிருக்கும் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பொருளே திரும்பிவிடும்.

முதலில் பாவம். ‘அவன் பாவம்’ என்பதை ‘ஹீ இஸ் பிட்டி’ என்று எழுதுவது தவறு. பிட்டி என்பது நம் மனதில் எழும் இரக்கம். அவனுடைய நிலை அல்ல. ‘ஐ ஃபீல் சாரி ஃபார் ஹிம்’ என்றால் சரி. ‘ஹீ இஸ் புவர்’ என்றால் கையில் காசில்லை என்று மட்டுமே படுவதால், இரக்கம் தெரிய வேண்டுமானால் ‘புவர் ஃபெல்லோ’ என்று பெயருக்கு முன்னால் வர வேண்டும். மலையாளம் கலந்து பேசுபவர்களுக்கு இன்னொரு குழி உண்டு. அங்கே ‘ஆளு பாவமாணு’ என்றால் சாது, சூதுவாது தெரியாதவர் என்றும் பொருள். அதற்கு ஆங்கிலத்தில் ‘ஹார்ம்லெஸ்’, ‘மீக்’.

இதைவிடக் கேடு செய்வது ‘பதெட்டிக்’. கிரேக்க வேரில் அது உருக்கத்தைச் சொன்ன சொல். இன்றைய ஆங்கிலத்தில் அதில் இளக்காரம் ஏறிவிட்டது. ‘ரோடு பதெட்டிக் கண்டிஷனில் இருக்கிறது’ என்று புகார் எழுதலாம். குறை சொல்வதுதானே நோக்கம். வீட்டை இழந்த குடும்பத்தைப் பற்றி ‘தி ஃபேமிலி இஸ் பதெட்டிக்’ என்று எழுதினால், உதவி கேட்கப் போன இடத்தில் அவர்களைக் கேவலப்படுத்தியதாகிறது. ‘தி ஃபேமிலி இஸ் இன் டிஸ்ட்ரெஸ்’ என்று எழுதுங்கள். வருமானமே இல்லையென்றால் ‘டெஸ்டிட்யூட்’. ‘ஹோப்லெஸ்’ஸும் இப்படித்தான். மகனின் உடல்நிலையை ஹோப்லெஸ் என்றால் நம்பிக்கை இல்லை என்று பொருள். மகனையே ஹோப்லெஸ் என்றால் எதற்கும் உதவாதவன் என்றாகும்.

‘ஹேப்லெஸ்’ என்றால் அதிர்ஷ்டம் கெட்ட. அதில் உள்ள ஹேப் என்பது இடைக்கால ஆங்கிலத்தில் அதிர்ஷ்டம். ஹேப்பி, ஹேப்பன், பர்ஹேப்ஸ் எல்லாம் அதே வேர். விபத்தில் சிக்கியவர்களை ஹேப்லெஸ் விக்டிம்ஸ் என்பது வழக்கம். ஆனால் தனி ஒருவரைச் சொல்லும்போது ‘எதைத் தொட்டாலும் சொதப்புகிறவர்’ என்ற சாயல் சேரும். இறந்துபோன தந்தையைப் பற்றிய இரங்கலில் அதைத் தொடவே வேண்டாம்.

பயணம், கப்பல், திட்டம் போன்றவை கெட்ட முடிவைச் சந்தித்தால் அவற்றுக்குப் பொருந்துவது ‘இல்-ஃபேட்டட்’. 1988 ஜூலை 8 அன்று கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்து 100க்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த ஐலண்ட் எக்ஸ்பிரஸை ‘தி இல்-ஃபேட்டட் டிரெயின்’ எனலாம். முடிவு தெரிந்த பிறகு, பெரும்பாலும் பெயருக்கு முன்னால், இரண்டு சொல்லுக்கும் நடுவே சிறுகோடு போட்டு எழுத வேண்டும். நாளைக்குப் புறப்படும் பயணத்துக்கு இது சேராது.

‘டூம்ட்’ கொஞ்சம் கடுமையானது. டூம் முதலில் தீர்ப்பு என்ற பொருளில் வழங்கிய சொல். தொடங்கும்போதே தோல்வி எழுதப்பட்டது என்று சொல்ல ‘டூம்ட் டு ஃபெயில்’ அல்லது ‘டூம்ட் டு ஃபெயிலியர்’. ‘டூம்ட் ஃபார்’ என்று எழுத வேண்டாம். கடைசியில் வென்ற வேலைக்கு இது ஒட்டவே ஒட்டாது. முல்லைப் பெரியாறு அணை கட்டும்போது ஆரம்ப வேலைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆனாலும் 1895இல் அணை எழுந்து, தேனிப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் வந்தது. அந்தத் திட்டத்தை டூம்ட் என்றோ இல்-ஃபேட்டட் என்றோ எழுதினால் தகவல் பிழை.

வீண் முயற்சிக்கு வருவோம். இங்கேதான் துல்லியம் அதிகம் தேவை. ‘ஃப்யூட்டைல்’ லத்தீனில் எளிதில் கொட்டிவிடுவது, ஒழுகுவது என்ற பொருளுடையது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு உழைத்தாலும் பலன் வர வழியில்லாத முயற்சி. ‘ஃப்ரூட்லெஸ்’ அப்படியல்ல. பலன் வந்திருக்கலாம், வரவில்லை. காணாமல் போன மாட்டை மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை என்றால் ஃப்ரூட்லெஸ் சர்ச். ‘அபார்ட்டிவ்’ நடுவழியில் அறுந்த முயற்சிக்கு: கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கலைந்தால் அபார்ட்டிவ் மீட்டிங். கருச்சிதைவு என்ற பொருளும் அதன் வேரில் இருப்பதால் பெண்ணின் உடல்நலம் பற்றிய கடிதத்தில் தவிர்ப்பது நல்லது. இந்த மூன்றும் முயற்சிக்கு உரியவை. ‘ஹீ இஸ் ஃப்யூட்டைல்’ என்று மனிதருக்குப் போடாதீர்கள்.

‘வெய்ன்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வெய்ன் அட்டெம்ப்ட் என்றால் வீண் முயற்சி, வெய்ன் பெர்சன் என்றால் தற்பெருமைக்காரர். வினைக்குப் பின்னால் வரும்போது ‘இன்’ சேர்த்து ‘ஆல் அவர் எஃபர்ட்ஸ் வேர் இன் வெய்ன்’ என்று எழுத வேண்டும்.

‘ஸ்டார்-கிராஸ்ட்’டில் நட்சத்திரம் இருப்பதைப் பார்த்து, செவ்வாய் தோஷத்தால் நின்றுபோன வரனுக்கு அதைப் போடுகிறார்கள். அது விதியால் சேர முடியாமல் போன காதலர்களுக்கு உரிய சொல். ஜாதகம் பொருந்தவில்லை என்பதற்கு ‘தி ஹாரோஸ்கோப்ஸ் டிட் நாட் மேட்ச்’ என்றாலே போதும்.