ஸ்னோ நாளில் பிள்ளைகளோடு: முதலில் வெப்பநிலையைப் பாருங்கள், பிறகு விளையாட்டு

ரொறன்ரோப் பக்கம் புதிதாகக் குடிவந்த பெற்றோருக்கு முதலில் சொல்ல வேண்டியது இது: விடியக் காலையில் வருகிற 'இன்று பள்ளி பஸ் ஓடாது' என்ற அறிவிப்பும் 'இன்று பள்ளி இல்லை' என்ற அறிவிப்பும் ஒன்றல்ல. பெரும்பாலான ஸ்னோ நாட்களில் இங்கே பஸ் மட்டும்தான் நிற்கும், பள்ளி திறந்துதான் இருக்கும், நடந்து போகிற பிள்ளை போகலாம். முழுதாக மூடுவது அபூர்வம். 2022 ஜனவரி 17 அப்படி ஒரு நாள். கோவிட் காரணமாக வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்ப வேண்டிய அதே காலையில் புயல் அடித்து, டொன் வாலி பார்க்வேயையும் கார்டினர் அதிவேகச் சாலையையும்கூட மூட வேண்டியதாயிற்று. ஆகவே ஆறு ஆறரைக்கு உங்கள் கல்விச் சபையின் தளத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் பிள்ளைகளை எழுப்புவதா விடுவதா என்று முடிவெடுங்கள். (பள்ளி இல்லையென்றால் எழுப்பத் தேவையே இருக்காது. அன்றைக்குப் பார்த்து அவர்களே எழும்பிவிடுவார்கள்.)

சரி, பிள்ளைகள் வீட்டில். ஸ்னோ நாளை ஓட்ட இணையத்தில் நூறு யோசனை கிடைக்கும், ஆனால் அதில் முக்கால்வாசி ஒரு விஷயத்தைச் சொல்லாது: அன்றைக்கு எது சரிவரும் என்பதைத் தீர்மானிப்பது வெளியே எத்தனை பாகை (டிகிரி செல்சியஸ்) என்பதுதான். மைனஸ் 15இல் விழுந்த ஸ்னோ வறுத்த ரவை மாதிரி கையில் உதிரும். அதை வைத்துப் பனிமனிதன் செய்யச் சொல்லிப் பிள்ளையை வெளியே அனுப்பினால் பத்து நிமிடத்தில் அழுகையோடு திரும்பி வரும். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கும் நாளில் ஐஸ் விளக்கு வைத்தால் அது உறையவே உறையாது. எனவே கைபேசியில் வெப்பநிலையையும் காற்றோடு சேர்ந்த குளிரையும் (wind chill) பார்த்துவிட்டு அன்றைய வேலையைத் தேர்ந்தெடுங்கள். கனடியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிற எல்லை தெளிவானது: மைனஸ் 25க்குக் கீழே, அல்லது காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28 அல்லது அதற்கும் கீழே என்றால் பிள்ளைகளை வெளியே விளையாட விட வேண்டாம். அந்தக் குளிரில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம்.

உடுப்பு விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கழிப்பறை, இதை மறந்தால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்ட வேண்டும். அப்புறம் ஸ்னோ பான்ட், பூட்ஸ், ஜாக்கெட், தொப்பி, கடைசியாக மிட்டன். விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். சின்னவர்களுக்கு நீளமான ஸ்கார்ஃப் கட்டாதீர்கள், எங்காவது மாட்டிக் கழுத்தை இறுக்கும், கழுத்தைச் சுற்றி வளையமாகப் போடுகிற வார்மர் போதும். காரில் போவதென்றால் பொம்மென்று இருக்கும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத்தான் இருக்கைப் பட்டியை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டி இறுகியதுபோலத் தெரியுமே தவிர இறுகியிருக்காது. விரல் நுனியோ காதோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்க வேண்டாம், உள்ளே கூட்டிவந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், சுடுதண்ணீர் கூடாது. உணர்வு திரும்பவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி வேலைகளுக்கு வருவோம். மைனஸ் 3க்கும் பூச்சியத்துக்கும் இடையில் என்றால் அது கட்டுமான நாள். ஒரு கைப்பிடி ஸ்னோவை இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்றால் பனிமனிதன், கோட்டை எல்லாம் நடக்கும். கோட்டைக்குச் செங்கல் அச்சு கடையில் விற்கிறார்கள், வாங்காதீர்கள். நம் வீட்டு ஃப்ரீஸரில் கறியும் சாம்பாரும் அடைத்து வைக்கிற பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கிறதே, அதைவிட நல்ல அச்சு இல்லை. அடைத்து, அமுக்கி, கவிழ்த்து, வரிசைக்கு வரிசை இணைப்பு மாறி வருகிற மாதிரி வையுங்கள், இடுக்குகளில் தளர்ந்த ஸ்னோவைப் பூசுங்கள். சுவர் இடுப்பு உயரம் போதும். கூரையும் சுரங்கமும் மட்டும் வேண்டவே வேண்டாம், இடிந்து விழுந்தால் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மூச்சு விட வழி இருக்காது, மேலே கிடப்பதன் கனம் அப்படி. தெருவில் ஸ்னோ தள்ளும் பிளவ் வண்டி ஓரத்தில் ஒதுக்கிவைத்த மேடு பிள்ளைகளின் கண்ணுக்கு மலையாகத் தெரியும். அதில் ஏறவோ குடையவோ விடாதீர்கள், வண்டி திரும்பி வரும்போது ஓட்டுநருக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

ஜனவரி நடுவில் ஸ்னோ கிடந்தால் கோலம் போடலாம். தைப்பொங்கலும் அப்போதுதான் வருகிறது, ஒன்ராறியோவில் 2014 முதலும் கனடா முழுவதும் 2016இல் வந்த நாடாளுமன்றத் தீர்மானத்தின்படியும் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் வேறு, ஆகவே பள்ளியில் காட்டப் படமும் கிடைத்துவிடும். முற்றத்து ஸ்னோவை ஷவலின் பின்பக்கத்தால் தட்டிச் சமப்படுத்துங்கள். மிட்டன் விரலால் குழி குழியாகப் புள்ளி வையுங்கள். கெச்சப் போத்தல் மாதிரி பிதுக்குகிற போத்தலில் குளிர்ந்த தண்ணீரும் உணவுச் சாயமும் கலந்து கோடு இழுக்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால் கோடு உருகிப் பள்ளமாகிவிடும். சாயம் ஜாக்கெட்டில் பட்டால் லேசில் போகாது, பழைய ஜாக்கெட் போடுங்கள். பொங்கல் பானையைப் பின்முற்றத்தில் திறந்த வெளியில் வையுங்கள். குளிர் என்று கராஜுக்குள் கரி அடுப்போ கேஸ் அடுப்போ மூட்டுவதை நம் ஆட்கள் நிறையப் பேர் செய்கிறார்கள், கதவைத் திறந்து வைத்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கி வீட்டுக்குள் ஏறும், அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை.

மைனஸ் 10க்குக் கீழே போனால் உறைய வைக்கிற வேலைகள். எனக்குப் பிடித்தது ஐஸ் விளக்கு. நாலைந்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் மேலே மூன்று விரல் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி, ஓரத்தில் கிரான்பெரி, தோடம்பழத் துண்டு, பைன் இலை எதையாவது போட்டு, வெளியே ஸ்னோவின் மேல் வையுங்கள். தண்ணீர் மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும்தான் முதலில் உறையும். அடியில் கிடக்கும் ஸ்னோ போர்வையாக இருந்து அடிப்பக்கத்தை உறைய விடாமல் காக்கும். ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குழாய்த் தண்ணீரை வாளியின் வெளிப்பக்கம் ஊற்றிக் கவிழ்த்தால் கட்டி கழன்று வரும். அடியாக இருந்த மெல்லிய பக்கம் இப்போது மேலே. அதைக் குத்தி உடைத்து உள்ளே உறையாத தண்ணீரை ஊற்றிவிட்டால் நடுவில் குழி கிடைக்கும், அதில் பேட்டரி மெழுகுதிரியை வையுங்கள். நேரம் கடந்துவிட்டால் நடுவும் கட்டியாகிவிடும், ஆகவே முதல் நாள் மாலை வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள்.

உறையும் குமிழிக்கு 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், 35 மில்லி பாத்திரம் கழுவும் சோப்பு, 35 மில்லி கோர்ன் சிரப், இரண்டு மேசைக்கரண்டி சீனி. கலந்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காற்றே இல்லாத நேரம் பார்த்து ஸ்ட்ராவால் ஊதி ஸ்னோவின் மேல் மெல்ல இறக்கினால் அடியிலிருந்து பூப்பூவாக ஐஸ் படர்ந்து ஏறும். மைனஸ் 12, 15 என்றால் கண் முன்னாலேயே நடக்கும். நிறைய உடையும், அதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கறுப்புத் துணி ஒன்றைக் கராஜில் அரை மணி நேரம் குளிர வைத்து, விழுகிற ஸ்னோவை அதில் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்ப்பதும் நல்ல பொழுது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் விவசாயியாக இருந்த வில்சன் பென்ட்லி, 1885 ஜனவரி 15 அன்று நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார், வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்தார். பிள்ளைகள் அவற்றில் எட்டு மூலையைத் தேடினால் கிடைக்காது, தண்ணீர் மூலக்கூறுகள் ஐஸாக அடுக்கி நிற்பது அறுகோணமாகத்தான். உள்ளே வந்து காகிதத்தில் வெட்டும்போதும் அந்த ஆறு வர வேண்டும்: சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்து, திரும்பப் பாதியாக மடித்து, கிடைத்த முக்கோணத்தை நடு முனையிலிருந்து மூன்று சம பங்காக மடியுங்கள். ஏறி இறங்கியிருக்கும் வால்களை வெட்டி எறிந்துவிட்டு ஓரங்களில் கத்தரியுங்கள். கடைகளில் விற்கும் அலங்காரங்களில் எட்டு மூலை கண்டால் பிள்ளைகள் இனி உங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

இனிப்பு. கியூபெக்காரர்கள் மேப்பிள் பாகைக் காய்ச்சி ஸ்னோவில் ஊற்றிக் குச்சியில் சுற்றித் தின்பார்கள். எள்ளுருண்டைக்குப் பாகு காய்ச்சத் தெரிந்த வீட்டில் இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டாம். நாலு பேருக்கு ஒரு கப் சுத்தமான மேப்பிள் சிரப் எடுங்கள். பான்கேக்குக்கு விற்கும் மலிவான சிரப்பில் அந்த ருசி வராது. ஏறக்குறைய 40 லிட்டர் மரச்சாற்றை வற்றக் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப், விலை அதனால்தான் அப்படி. சட்டி ஆழமாக இருக்கட்டும், பொங்கி எழும். ஒரு துளி பட்டர் போட்டால் அடங்கும். 112 முதல் 115 பாகை வர இறக்கலாம். வெப்பமானி இல்லையா, அம்மம்மாவைக் கூப்பிடுங்கள்: குளிர்ந்த தண்ணீரில் ஒரு துளி விட்டு, கரையாமல் விரலில் திரண்டு மெத்தென்ற உருண்டையானால் பதம். அதற்கு மேல் போனால் பல்லில் ஒட்டாமல் உடையும். முன்கூட்டியே தட்டு ஒன்றில் புதிதாக விழுந்த ஸ்னோவின் உள்பக்கத்தை அள்ளி, அழுத்தி, ஃப்ரீஸரில் வைத்திருங்கள். தெருவோரத்து ஸ்னோவில் உப்பும் எண்ணெயும் கிடக்கும். கோடு கோடாக ஊற்றிச் சில விநாடி பொறுத்து ஐஸ்கிரீம் குச்சியால் சுருட்டுங்கள். ஊற்றும் வேலை பெரியவர்களுடையது, கொதிக்கும் பாகு பட்டால் தண்ணீர்போல வழிந்து போகாது, தோலிலேயே ஒட்டிக்கொண்டு சுடும்.

வெளியே போகவே முடியாத மைனஸ் 28 நாளுக்குத்தான் வீட்டு வேலையை ஒதுக்கி வைக்க வேண்டும். பிள்ளைகளைத் துப்பறிவாளர்கள் ஆக்குங்கள்: ஹீட்டரை நிறுத்தி, குளியலறை, சமையலறை மின்விசிறிகளைப் போட்டால் வீட்டுக் காற்று வெளியேறி, வெளிக்காற்று எந்த இடுக்கு கிடைத்தாலும் உள்ளே வரும். நீங்கள் ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் ஓரம், கதவடி, மின் பிளக் பெட்டி பக்கமெல்லாம் மெல்ல நகர்த்துங்கள், திரைச்சீலையை முதலில் ஒதுக்கிவிட்டு. புகை வளைகிற இடத்தில் பிள்ளை ஒரு துண்டு டேப் ஒட்டட்டும். இருபது நிமிடத்தில் வீட்டின் ஓட்டை எல்லாம் தெரிந்துவிடும், பிறகு ஹீட்டரைப் போட மறக்க வேண்டாம்.

கதவடி இடுக்கை அடைக்க அப்பாவின் பழைய சாரத்தில் (லுங்கியில்) நீளமான துணி உருளை ஒன்று செய்யலாம். 25 சென்டிமீட்டர் அகலத்தில், கதவைவிட ஒரு சாண் நீளமாக வெட்டி, உட்புறம் வெளியே வருகிற மாதிரி நீளவாட்டில் மடித்து, நீளப்பக்கத்தையும் ஒரு முனையையும் தையுங்கள், திருப்பிப் போட்டு நிரப்பி மறுமுனையை மூடுங்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குக் கைத்தையல் பழக இதைவிட நல்ல வேலை இல்லை, கோணலாக வந்தாலும் தரையில்தானே கிடக்கப் போகிறது. நிரப்ப அரிசி வேண்டாம், பூச்சி பிடிக்கும். கிழிந்த துணியும் கொஞ்சம் உலர்ந்த மணலும் போதும். யன்னலுக்கு ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டிக் ஃபிலிம் கிடைக்கிறது: சட்டத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, இருபக்க டேப் ஒட்டி, ஃபிலிமை விரித்து, தலைமுடி உலர்த்தியால் மூலையிலிருந்து சூடு காட்டினால் சுருக்கம் இழுபட்டுக் கண்ணாடி போல ஆகும். வாடகை வீட்டுக்கும் சரிவரும், வசந்தத்தில் உரிக்கும்போது டேப்பைச் சூடாக்கி உரித்தால் பெயின்ட் வராது. அதற்குப் பிறகும் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் குற்றவாளி சமையல்தான். இடியப்பம் அவிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் விசிறியைப் போடுங்கள். கடும் குளிரில் வீட்டு ஈரப்பதம் 30 சதவீதம் போல இருந்தால் போதும், கூடினால் யன்னல் மூலையில் பூஞ்சணம் வரும்.

எந்த நாளாக இருந்தாலும் விளையாட்டுக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. வீட்டுப் பக்கச் சுவரில் ஹீட்டரின் வெள்ளைக் குழாய்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்னோ அவற்றை மூடினால் ஹீட்டர் நின்றுபோகலாம், புகை உள்ளே திரும்பலாம். கையால் தோண்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் டிரைவ்வே. ஸ்னோவைத் தூக்கி எறிவதைவிடத் தள்ளுங்கள், தூக்க வேண்டி வந்தால் முழங்காலை மடியுங்கள், இடுப்பை முறுக்க வேண்டாம். இதய வருத்தம் உள்ள தாத்தாமார் 'இது என்ன பெரிய வேலை' என்று ஷவலைப் பிடித்தால் பறித்துவிடுங்கள், குளிரும் அந்தத் திடீர் உழைப்பும் சேர்ந்து நெஞ்சைப் பிடிக்கும். சாதாரண உப்பு மைனஸ் 10 தாண்டினால் மெதுவாகத்தான் வேலை செய்யும், மைனஸ் 15க்குப் பிறகு கொட்டுவது வீண். அப்போது வழுக்காமல் இருக்க மணல் தூவுங்கள். எடுத்த ஸ்னோவைத் தெருவில் தள்ளக் கூடாது, நகரச் சட்டத்தில் குற்றம். நீங்கள் எல்லாம் முடித்து உள்ளே வந்த பிறகுதான் பிளவ் வண்டி வந்து வாசலில் ஒரு வரம்பு போட்டுவிட்டுப் போகும். கோபம் வரும், ஆனாலும் அன்றிரவே போய் அதை வெட்டிவிடுங்கள். விடிய விட்டால் இறுகிக் கல்லாகிவிடும், அப்புறம் ஷவல் இறங்காது.