வயது வந்தோருக்கு அயல்மொழி கற்பிக்கப் பயிற்சி பெறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மொழியைப் பிழையின்றிப் பேசத் தெரிந்தால் அதைக் கற்பிக்கவும் முடியும் என்ற நம்பிக்கையோடுதான் பலர் இப்பயிற்சியில் சேர்கிறார்கள். பேசிப் பழகியவருக்குத் தம் மொழியில் எது கடினம் என்பது கண்ணில் படுவதில்லை. தமிழ் கற்க வரும் ஓர் அயல்நாட்டவருக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற இரண்டும் முதல் வாரத்திலேயே குழப்பம் தரும். நமக்கோ அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது என்ற நினைவே இராது. ஆகவே பயிற்சியின் முதல் வேலை, தமக்கு இயல்பாக வரும் மொழியை வெளியிலிருந்து பார்க்கக் கற்பது. இதைத் தட்டிக்கழிப்பவர்கள் கற்பவர் கேட்கும் முதல் கேள்விக்கே ‘அது அப்படித்தான்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கும் பெரியவருக்கு அந்தப் பதில் போதாது.

பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நேர்கிறது. ஆங்கிலம் கற்பிப்போருக்கான கேம்பிரிட்ஜின் செல்டா சான்றிதழ்ப் பயிற்சி குறைந்தது 120 மணி நேரம் கொண்டது. அதில் மதிப்பீட்டுக்கு உட்பட்ட கற்பித்தல் 6 மணி நேரம் மட்டுமே. ஆனால் அந்த ஆறு மணி நேரமும் உண்மையான கற்போர் முன்னால், குறைந்தது இரண்டு தகுதி நிலைகளில் நடக்க வேண்டும். காணொளி பார்த்து வினாத்தாள் நிரப்பினாலே சான்றிதழ் தரும் பயிற்சிகளில் இந்தப் பகுதியே இருப்பதில்லை. எந்த மொழியைக் கற்பிக்கப் போவதாயினும், கட்டணம் செலுத்தும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் எத்தனை மணி நேரம் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துவேன், அதை யார் அமர்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள்?

அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975ஆம் ஆண்டு எழுதிய நூலில், ஆசிரியராக வருவோர் தாம் மாணவராக இருந்த ஆண்டுகளில் பார்த்துப் பழகிய கற்பித்தலையே தம்மை அறியாமல் பின்பற்றுவதைச் சுட்டிக்காட்டினார். மொழி வகுப்பில் இதன் விளைவு கண்கூடானது. பள்ளியில் பார்த்தது போலவே, பயிற்சி ஆசிரியர் கரும்பலகைக்கு முன் நின்று விதியைச் சொல்கிறார், மற்றவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் இதற்கு நேர்மாறாக, பெரியவர்களுக்கு மொழி இனி எளிதில் ஏறாது என்று எண்ணிக் குழந்தைப் பாட்டும் பொம்மை அட்டையுமாக வகுப்பை நடத்துகிறார்கள். கேத்தரின் ஸ்னோ, மரியான் ஹூஃப்நாகல்-ஹோலே ஆகிய இருவரும் நெதர்லாந்தில் ஆங்கிலம் பேசுவோர் டச்சு மொழி கற்றதை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட முடிவுகளின்படி, முதல் சில மாதங்களில் விரைவாக முன்னேறியவர்கள் பதின்பருவத்தினரும் பெரியவர்களுமே. பின்னர் சிறுவர்கள் எட்டிப் பிடித்தார்கள் என்பதும் உண்மை. ஆயினும் தொடக்கநிலை வகுப்பில் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் தர்க்க அறிவும் ஒரு மொழியை முழுமையாக ஆண்ட அனுபவமும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது பெரும் இழப்பு. வகுப்பில் அனைவருக்கும் பொதுவான தாய்மொழி இருக்கும்போது, ஒரு செயல்பாட்டின் குறிப்பை அம்மொழியில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இலக்கு மொழியிலேயே பத்து நிமிடம் சைகை காட்டிக்கொண்டிருப்பது அந்த நேரத்தைக் கற்போரிடமிருந்து பறிப்பதாகும்.

பயிற்சி ஆசிரியர்கள் செய்யும் தவறுகளுள் மிகவும் வேரூன்றியது, தம் பேச்சாலேயே வகுப்பை நிரப்புவது. ஒரு கேள்வி கேட்டவுடன் எழும் அமைதியைத் தாங்க முடியாமல் தாமே விடை சொல்லிவிடுகிறார்கள். அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதையும், அதை மூன்று விநாடிகளாக நீட்டினால் விடைகள் நீண்டு செறிவடைவதையும் 1970களில் கண்டறிந்தார். அயல்மொழியில் விடை சொல்பவர் கேள்வியைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வாக்கியமாக்கி, ஒலிக்கவும் வேண்டும். அவருக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. இதனோடு சேர்ந்து வருவது ‘புரிந்ததா?’ என்ற கேள்வி. பிறர் முன்னால் தாழ்ந்துபோக விரும்பாத பெரியவர்கள் அதற்குத் தலையாட்டியே தீர்வார்கள். மேலே சொன்ன வேறுபாட்டையே எடுத்துக்கொண்டால், ‘நாங்கள் கிளம்புகிறோம் என்று நான் உங்களிடம் சொன்னால், நீங்களும் என்னுடன் வருகிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். ‘இல்லை’ என்ற விடை வந்தால் புரிந்திருக்கிறது. ‘ஆம்’ என்றால் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. இத்தகைய சோதனைக் கேள்விகள் வகுப்பில் நின்ற நிலையில் தோன்றுவதில்லை. பாடக்குறிப்பிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். வண்ண அட்டைகளை வெட்டி ஒட்டச் செலவிடும் மாலை நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினால் பாடம் வேறாக அமையும்.

பிழை திருத்தத்திலும் இரு எல்லைகள் உண்டு. வாயைத் திறந்தவுடன் ஒவ்வொரு பிழையையும் நிறுத்தித் திருத்துவது பேச்சையே நிறுத்திவிடும். மனம் நோகுமே என்று பிழையைச் சரியான வடிவில் மெல்லத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதும் பயன் குறைந்தது. ராய் லிஸ்டரும் லெய்லா ராண்டாவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிரெஞ்சு வழி வகுப்பாசிரியர்கள் மிகுதியாகக் கையாண்டது இந்த முறையே; மாணவர் தம் பிழையைத் தாமே திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவியதும் இதுவே. அந்த மாணவர்கள் சிறுவர்கள் என்றாலும், எச்சரிக்கை இங்கும் பொருந்துகிறது. ஓர் இலக்கண அமைப்பைப் பழக்கும் நேரத்தில் உடனே திருத்துங்கள்; கருத்தைச் சரளமாகச் சொல்லவைக்கும் நேரத்தில் குறித்துக்கொண்டு, முடிந்த பின் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி அனைவரையும் திருத்தச் சொல்லுங்கள்.

கற்போரைப் ‘பார்த்துக் கற்பவர்’, ‘கேட்டுக் கற்பவர்’ என்று பிரித்துப் பாடம் அமைக்கும் வழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்படிப் பிரித்துக் கற்பிப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008ஆம் ஆண்டின் விரிவான மறுஆய்வு காட்டிவிட்டது.

கால அளவைப் பற்றி வாக்களிப்பதில் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலம் பேசும் தம் அலுவலர்கள் பணிக்குரிய தேர்ச்சி பெற ஜப்பானியம், அரபு போன்ற மொழிகளுக்கு ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம் தேவை என்பது அமெரிக்க வெளியுறவுப் பணி நிறுவனத்தின் கணக்கு. வாரம் நான்கு மணி நேரம் வருபவரிடம் சில மாதங்களில் சரளமாகப் பேசலாம் என்று சொல்வது நேர்மையன்று. ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரையிலான ஆறு மொழித்தேர்ச்சி நிலைகளின் விளக்கங்களைப் படித்து, அடுத்த நிலையில் அவர் செய்யக்கூடிய ஒரு செயலை இலக்காகக் காட்டலாம்.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் சான்றிதழில், பயிற்சி ஆசிரியர்கள் தமக்கு அறவே தெரியாத ஒரு மொழியில் நான்கு மணி நேரம் மாணவராக அமர்ந்து நாட்குறிப்பு எழுத வேண்டும். பலர் இதைச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். உங்கள் பயிற்சியில் இது இல்லாவிட்டாலும் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பும் முடிந்தவுடன், எந்த நிமிடத்தில் வழி தவறினீர்கள், ஆசிரியர் எப்போது வேகமாகப் பேசினார், எதற்குப் புரியாமலே தலையாட்டினீர்கள் என்ற மூன்றையும் எழுதி, அடுத்த பாடக்குறிப்பைத் தயாரிக்கும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.