விதியா, குணமா என்று கேட்காமல் கிரேக்கத் துன்பியலைப் படிப்பது எப்படி

மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகளின் விடைத்தாள்களில் "ஈடிப்பஸ் விதியால் வீழ்ந்தான்" என்று ஒரு வரி இருக்கும், நாலு வரி தள்ளி "அவனுடைய ஆணவமே வீழ்ச்சிக்குக் காரணம்" என்றும் இருக்கும். இரண்டையும் எழுதி வைத்தால் ஏதோ ஒன்றுக்குப் புள்ளி விழும் என்ற நம்பிக்கை. பிள்ளைகளில் பிழையில்லை, கேள்வியில்தான் பிழை. முழு நாடகத்தையும் ஒன்றாக வைத்து விதியா குணமா என்று கேட்டால் எந்த நாடகமும் பதில் சொல்லாது. ஒரு செயலை மட்டும் பிரித்தெடுங்கள். அதைச் செய்தபோது அவனுக்கு என்ன தெரியும், வேறு வழி இருந்ததா, செய்த பிறகு யார் பொறுப்பேற்றார்கள் என்று கேளுங்கள். அப்புறம் அடுத்த செயலுக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்று. கதை முடிவு பார்வையாளருக்குத் தெரியும் என்பதையும், அது பாத்திரத்துக்கு விதிக்கப்பட்டது என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். விடியவிடியக் களரியைச் சுற்றி இருந்து பாரதக் கூத்துப் பார்க்கிற நம் சனத்துக்குத் துரியோதனன் சாவான் என்று தெரியாதா? தெரிந்துகொண்டேதான் அவன் எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் கோபப்படுகிறார்கள். இந்த நாடகங்களைப் பார்த்த ஏதென்ஸ்காரரும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

சரி, சோபோக்கிளிசின் 'ஈடிப்பஸ் மன்னன்'. அப்பல்லோ குறிசொல்லும் கோயிலான டெல்ஃபியில் ஈடிப்பஸுக்குக் கிடைத்த வாக்கு என்ன என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: தகப்பனைக் கொல்வாய், தாயோடு கூடுவாய், உலகம் பார்க்கச் சகியாத பிள்ளைகளைப் பெறுவாய். எங்கே, எப்போது என்று இல்லை. அவன் கேட்கப் போனது தன் பெற்றோர் யார் என்று, அதற்குப் பதிலே வரவில்லை. தன்னை வளர்த்தவர்களையே பெற்றோர் என்று நம்பி, அவர்கள் இருக்கும் கொரிந்துக்குத் திரும்பாமல் போகிறான், மூன்று பாதை கூடும் இடத்தில் வண்டியில் வந்த கிழவர் தலையில் அடிக்க, ஆத்திரத்தில் அவரைக் கொல்கிறான். அவர்தான் அவனைப் பெற்ற தகப்பன், தீப்ஸ் மன்னன் லாயஸ். பிறகு தீப்ஸின் அரசனாகி, தாய் என்று தெரியாமல் லாயஸின் மனைவி ஜொகாஸ்டாவைக் கட்டுகிறான். கொல்வது வாக்கில் இருக்கிறது, அந்த ஆத்திரம் அவனுடையது.

ஆனால் கொலையும் கல்யாணமும் நாடகம் தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே முடிந்த காரியங்கள், பிள்ளைகள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். மேடையில் நடப்பது விசாரணை மட்டும். லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடி என்று டெல்ஃபி சொன்னது உண்மைதான். ஆனால் ஜொகாஸ்டா "இதோடு விட்டுவிடு" என்று கெஞ்சுகிற நேரத்தில் அவன் தேடிக்கொண்டிருப்பது தன் பிறப்பை, அதைத் தேடு என்று எந்தத் தெய்வமும் சொல்லவில்லை. கிழ இடையன் வாய் திறக்க மறுக்க, கையை முறுக்கச் சொல்லியே உண்மையைப் பிடுங்குகிறான். விடுகதையை அவிழ்த்து தீப்ஸைக் காப்பாற்றிய அதே பிடிவாதம்தான் இது. இதைக் 'குற்றம்' என்று எழுதினால் நாடகமே கையை விட்டுப் போய்விடும். அரிஸ்டாட்டிலும் நாயகன் கெட்டவனாக இருப்பதால் விழுவதில்லை, ஒரு பெரிய தவறால் விழுகிறான் என்றுதான் சொல்கிறார். ஆணவம் என்பது பின்னால் வந்தவர்கள் ஒட்டியது.

அப்படியென்றால் குற்றமில்லாதவன் உண்மை தெரிந்ததும் ஏன் தன் கண்ணைக் குத்திக்கொள்கிறான்? நம் ஊர்க்காரருக்கு இது விளங்கச் சுலபம். செத்த வீட்டுத் துடக்கு யார் பிழை செய்தார்கள் என்று பார்த்து வருவதில்லை, உறவென்றால் வரும். தீப்ஸில் கொள்ளைநோயைக் கொண்டுவந்த தீட்டும் அப்படிப்பட்டதுதான், மனதில் என்ன நினைத்தாய் என்று அது விசாரிக்காது. ஈடிப்பஸ் இரண்டையும் பிரித்தே சொல்கிறான்: இந்தத் துன்பத்தைக் கொண்டுவந்தது அப்பல்லோ, கண்ணைக் குத்தியது என் கை. சோபோக்கிளிஸ் இறந்த பிறகு கி.மு. 401இல் மேடையேறிய 'கொலோனசில் ஈடிப்பஸ்' நாடகத்தில் அதே மனிதன் கிழவனாக நின்று, தெரியாமல் செய்தேன், உயிரைக் காக்கத் திருப்பி அடித்தேன், நான் குற்றவாளி இல்லை என்று வாதாடுகிறான். ஆனால் தன் மகள்களை மீட்டுத் தந்த ஏதென்ஸ் மன்னன் தீசியஸின் கையைப் பிடிக்கப் போனவன், நான் தீட்டுப்பட்டவன் என்று கையை இழுத்துக்கொள்கிறான். குற்றம் இல்லை, தீட்டு இருக்கிறது, இதில் முரண்பாடு எதுவும் இல்லை. காரைதீவில் வைகாசிக் குளிர்த்திக்குக் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்தவர்கள் பாண்டியனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: தட்டான் பொய் சொன்னது அவனுக்குத் தெரியாது, இருந்தும் சிலம்பில் அவன் "யானே கள்வன்" என்று சொல்லித்தான் விழுகிறான்.

அடுத்து, விதியைப் பற்றிப் பேசுவது யார், எந்த நேரத்தில் என்று பாருங்கள். கி.மு. 458இல் மேடையேறிய ஈஸ்கிலஸின் 'அகமெம்னோன்' நாடகத்தில் கிளைடெம்னெஸ்ட்ரா புருசனைக் கொன்றுவிட்டு முதலில் "என் கையால் செய்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்துகிறாள். ஊர்ப் பெரியவர்கள் நெருக்க நெருக்க, இந்தக் குடும்பத்தைப் பிடித்த பழிவாங்கும் பேய்தான் என் உருவத்தில் வந்து கொன்றது என்று பேச்சு மாறுகிறது. அந்தப் பெரியவர்கள்தான் பாடற்குழு, அவர்களின் பதில் அருமையானது: உனக்குக் குற்றமில்லை என்று யார் சாட்சி சொல்வார்? பேய் கூடநின்று உதவியிருக்கலாம், அவ்வளவுதான். தெய்வம் பாதி, மனிதன் பாதி என்று பங்கு பிரிக்கிற கணக்கு இங்கே இல்லை. இருவருமே முழுதாகச் செய்தார்கள்.

பழகிப் பார்க்க சோபோக்கிளிசின் 'அன்ரிகனி' நல்லது. ஈடிப்பஸின் மகள் அன்ரிகனி, அடக்கம் செய்யக்கூடாது என்று மன்னன் கிரியோன் தடுத்த தன் அண்ணனின் பிணத்துக்கு மண் போட்டதால் குகையில் அடைக்கப்படுகிறாள். கிரியோன் மனம் மாறியதும், முதலில் குகையில் அடைத்த பெண்ணை விடு, பிறகு பிணத்தை அடக்கம் செய் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவன் பிணத்திடம் முதலில் போகிறான், குகைக்கு வரும்போது அவள் தூக்கில் தொங்கிவிட்டாள். வரிசையை மாற்றியது எந்தச் சாபமும் இல்லை, கடைசியில் கிரியோனே அதை ஒத்துக்கொள்கிறான். லாயஸின் தகப்பன் லாப்டகஸின் குடும்பச் சாபத்தைப் பற்றிப் பாடற்குழு பாடுகிறதே என்றால், பாடுகிறதுதான், ஆனால் அது அன்ரிகனியின் குடும்பத்துக்கு, கிரியோன் தாமதித்ததற்கு அல்ல.

யூரிப்பிடிசிடம் வந்தால் கொஞ்சம் கவனம். 'மீடியா'வில் அவள் தன் பிள்ளைகளைக் கொல்வதைப் பற்றி எந்தக் குறிவாக்கும் கிடையாது, செய்யப்போவது எவ்வளவு கொடுமை என்று தெரியும், கோபம் அதைவிடப் பெரிது என்று அவளே சொல்கிறாள். 'ஹிப்போலிற்றஸ்' இதற்கு நேர்மாறு, தீசியஸின் மகன் ஹிப்போலிற்றஸைப் பழிவாங்கக் காதல் தெய்வம் அப்ரோடைற்றி முதல் காட்சியிலேயே வந்து முழுத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறாள். அப்படியிருந்தும் கடைசியில் வேட்டைத் தெய்வம் ஆர்டெமிஸ் வந்து, இது அப்ரோடைற்றியின் வேலை என்று சொன்ன அதே வாயால், தகப்பன் தீசியஸை ஆதாரமும் பார்க்காமல், குறிசொல்பவனையும் கேட்காமல், பொறுக்காமல் மகனைச் சபித்துவிட்டாயே என்று திட்டுகிறாள், அறியாமல் செய்ததால் நீ கொடியவன் இல்லை என்றும் சொல்கிறாள். அந்த ஒரு காட்சியைப் பென்சிலோடு படித்து, ஒவ்வொரு வரியும் தெய்வத்தைப் பற்றியதா, தீசியஸுக்குத் தெரியாததைப் பற்றியதா, அவனுடைய அவசரத்தைப் பற்றியதா என்று ஓரத்தில் குறித்துப் பாருங்கள்.