டேப் சரி, குறி சரி, ஃபோகஸ் மட்டும் தப்பு

கேமரா அசிஸ்டென்ட் வேலை பழகிய காலத்தில், வைட் லென்ஸ் மாட்டினால் மட்டும் ஃபோகஸ் தப்பியது. ஆள் நிற்கும் தூரத்தை அளக்கும் டேப்பை கேமராவின் மேல் வட்டத்தைக் கோடு வெட்டும் குறியிலிருந்துதான் பிடித்தேன்; சென்சார் இருக்கும் தளம் அது. 6 அடியை அளந்து, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தையும் 6-இல் வைத்தாலும் கூர்மை ஆளுக்கு முன்னால் விழுந்தது. தூரத்துக் கட்டடம் தெளியவே இல்லை. தூரத்தை நெருக்கிக் காட்டும் 85 எம்எம் லென்ஸில் இந்தக் குறை கண்ணில் படவில்லை.

இன்னொரு வைட் லென்ஸ் போட்டேன். அதுவும் அதே பக்கம் விலகியது. ஒன்று மட்டும் விலகினால் லென்ஸைச் சந்தேகிக்கலாம், எல்லாம் ஒரே பக்கம் விலகினால் லென்ஸ் மாட்டும் இடமான மவுண்ட்தான். சினிமா லென்ஸ்களுக்கான பிஎல் மவுண்டில் லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து சென்சார் வரை 52 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 0.05 மில்லிமீட்டர் கூடினாலே 18 எம்எம் வைட் லென்ஸில் 6 அடிக் கூர்மை 5 அடிக்கும் உள்ளே வந்துவிடும்!

பிஎல் லென்ஸைக் கேமராவோடு சேர்க்கும் அடாப்டரைக் கழற்றி, சென்சாரை மூடியால் காத்துவிட்டுப் பார்த்தால், திருகுகள் தளர்ந்திருந்தன. இரண்டு உலோகத் தளங்களையும் நூல் விடாத துணியால் துடைத்தேன். அப்புறம் திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சரை முழுசாகத் திறந்துவைத்து, நடுவிலிருந்து கதிர்கள் விரியும் நட்சத்திர சார்ட்டில் சோதித்தேன். அப்பர்ச்சரை மூடினால் முன்னும் பின்னும் கூர்மை பரவி, பிழை ஒளிந்துகொள்ளும். 6 அடி, 6 அடியிலேயே நின்றது. இதிலும் சரியாகாவிட்டால் இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை நாமே தொடக் கூடாது, அந்த இடைவெளியைச் சோதிக்கும் கருவியான கோலிமேட்டர் உள்ள சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும்.