நடுவில் மட்டும் ஒட்டிய தோசைக்கல்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவு தோசைதான். மாடி வீட்டுப் பிள்ளைகளும் தட்டோடு வந்துவிடுவார்கள். எனக்கு யானை, எனக்கு மீன் என்று வடிவம் கேட்டு ஒரே ரகளையாக இருக்கும். அந்த இரும்புக்கல் திடீரென்று ஒட்ட ஆரம்பித்தது. ஓரம் அழகாக எழும்பும், நடுவில் மட்டும் பிய்ந்து வரும்.

முதலில் மாவைத்தான் சந்தேகப்பட்டேன். உளுந்தைக் குறைத்தேன், வெந்தயம் சேர்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா அதே மாவைத் தன் கல்லில் ஊற்றினார், மொறுமொறுவென்று வந்தது. சரி, மாவில் குறையில்லை. அப்புறம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டித் தேய்த்தேன், எண்ணெயைக் கூட்டினேன். முதல் தோசை வரும், அடுத்தது ஒட்டும்.

கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஓரம் கறுப்பாகப் பளபளத்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம். விருந்தாளிகள் தங்கியிருந்த வாரம் முழுக்க அந்தக் கல்லில் சப்பாத்திதான். எண்ணெயே இல்லாமல் பெருந்தீயில் காய்ந்ததில், பழகிய எண்ணெய்ப் படலம் நடுவில் எரிந்து போயிருந்தது.

கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெயைத் துணியால் தடவினேன். தடவியதை உடனே துடைத்தும் எடுத்தேன். இந்தத் துடைப்புதான் முக்கியம். எண்ணெய் தேங்கினால் பிசுக்காகிவிடும். லேசாகப் புகையும்வரை காயவைத்து, ஆறவிட்டு, நடுப்பகுதி கறுக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியாக அதில் கொஞ்சம் வெங்காயம் வதக்கினேன்.

இப்போது பிள்ளைகளே கரண்டி பிடித்து ஊற்றுகிறார்கள்; மாவை எப்படி இழுத்தாலும் முழுசாக எழும்புகிறது. சப்பாத்திக்குத் தனிக் கல் வாங்கியாயிற்று.