சின்ன விமான நிறுவனத்தில் டிக்கெட் எடுக்கும் முன்

மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் என் டிக்கெட் கடை இருக்கிறது. கடை போடுவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு சின்ன விமான நிறுவனத்தின் கவுண்டரில் நின்றேன். அந்த நிறுவனம் இன்று இல்லை. அதனால்தான், “அக்கா, இந்தப் புதுக் கம்பெனி 59 வெள்ளிக்கு (ரிங்கிட்) போடுறாங்க, எடுக்கலாமா?” என்று யாராவது கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

முன்கூட்டியே டிக்கெட் எடுக்கிறீர்கள் என்றால் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் காசு கட்டி ஆகஸ்டில் பறந்தால், நடுவில் ஐந்து மாதம் உங்கள் காசு அவர்கள் கையில். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. அந்தக் காசு பெட்டியில் பத்திரமாக இருப்பதும் இல்லை. நேற்று ஊற்றிய எண்ணெய்க்கும் போன மாத லீஸுக்கும் (விமான வாடகை) போய்விடும். பெரிய நிறுவனம் ஒரு மோசமான மாதத்தைத் தாங்கிவிடும். சின்ன நிறுவனத்துக்கு அந்த ஒரு மாதமே போதும்.

எங்கள் நிறுவனத்தில் கடைசி மாதங்களில்கூட விமானம் நிறைந்துதான் போனது. ஆள் ஏறவில்லை என்று நாங்கள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் லீஸ், உதிரிபாகம், எஞ்சின் பழுது எல்லாம் அமெரிக்க டாலரில் கட்ட வேண்டும். எண்ணெய் விலையும் டாலரை ஒட்டித்தான் ஏறி இறங்கும். வருமானமோ வெள்ளியில். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் கிட்டத்தட்ட 4.80 வெள்ளிக்குப் போனது நினைவிருக்கிறதா? 1998-க்குப் பிறகு வெள்ளி அவ்வளவு கீழே போனதில்லை. அந்த மாதிரி நேரத்தில், மக்கள் ஒரு டிக்கெட்டுக்குக் கொடுக்கும் 89 வெள்ளி மாறாமல் இருக்கும்போதே செலவு தானாக ஏறிக்கொண்டிருக்கும்.

நம் நாட்டிலேயே பார்த்துவிட்டோம். லங்காவியை மையமாக வைத்து 2015 டிசம்பரில் பறக்கத் தொடங்கிய ராயானி ஏர் 2016 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஜூனில் உரிமம் ரத்து. மைஏர்லைன் 2022 டிசம்பர் 1-ஆம் தேதி பறக்க ஆரம்பித்து, 2023 அக்டோபர் 12-ஆம் தேதி சேவையை நிறுத்தியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வருடத் தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது.

சரி, எப்படி எடுப்பது?

முதலில் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஃபயர்ஃபிளை 2007 ஏப்ரலில் பினாங்கிலிருந்துதான் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. அதன் தாய் நிறுவனம் மலேசியா ஏர்லைன்ஸை நடத்தும் மலேசியா ஏவியேஷன் குழுமம்; ஒரு மாதம் கை கடித்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. சபா, சரவாக் உட்பகுதிகளுக்கு மாஸ்விங்ஸ் 2007 முதல் 19 இருக்கை கொண்ட ட்வின் ஓட்டரை ஓட்டியதும் மத்திய அரசின் மானியத்தில்தான். பாரியோ மாதிரி ஒரு மலை ஊருக்கு டிக்கெட் காசை மட்டும் நம்பி யாரும் விமானம் விட முடியாது. தாய் நிறுவனமும் இல்லை, மானியமும் இல்லை, ஒரே ஒரு முதலாளியின் பணத்தில் நடக்கிறது என்றால், நான் சொல்லப்போகும் மற்ற எல்லாவற்றையும் இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

அடுத்து, எத்தனை விமானம் உண்மையில் பறக்கிறது என்று எண்ணுங்கள். விளம்பரத்தில் பத்து விமானம் என்று போட்டிருக்கலாம். ஃப்ளைட்ரேடார்24 செயலியில் அந்தப் பயண எண்ணைத் தட்டினால், போன ஏழு நாள் எந்த விமானம் வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று காசில்லாமலே தெரியும். மலேசிய விமானங்களின் பதிவெண் 9எம் என்று ஆரம்பிக்கும். அதே நிறுவனத்தின் நாலைந்து பயணங்களைப் பார்த்து, வேறு வேறு பதிவெண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றே மூன்று எண்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் அவர்களிடம் மாற்று விமானம் இல்லை. கடையில் இதற்கு எனக்குப் பத்து நிமிடம் ஆகும். நீங்களும் செய்யலாம்.

மாற்று விமானம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கவுண்டரில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நாள் காலை ஆறரைக்கு எஞ்சினியர் தளத்திலிருந்து மேலே ஏறி வந்து என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கையில் கிரீஸ் பட்ட துணி, அதில் சுற்றி ஒரு சின்ன வால்வு. அதற்கு மாற்று எங்கள் கிடங்கில் இல்லை. வெளியூரிலிருந்து வர வேண்டும். அந்த விமானம் அன்றைக்கு ஆறு தடவை பறக்க வேண்டியது. காலை ஏழு மணிப் பயணம் மட்டுமா போனது? ஒன்பதரை, பன்னிரண்டு, மூன்று என்று வரிசையாகப் போயின. மருத்துவமனையிலிருந்து ஊருக்குத் திரும்பும் ஒரு தாத்தாவும் பாட்டியும் சக்கர நாற்காலியோடு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இன்னொரு விமானம் வந்தபோது, பைலட்டே கீழே இறங்கி வந்து பாட்டியின் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு படியேறினார். அந்தப் பாட்டி அவர் கன்னத்தைத் தொட்டது என் கண்ணிலேயே நிற்கிறது. சின்ன நிறுவனங்கள் பிழைக்க வேண்டும் என்று நான் விரும்புவது இப்படிப்பட்ட ஆட்களுக்காகத்தான்.

ஆகவே சின்ன நிறுவனம் என்றால் காலை முதல் பயணத்தையே எடுங்கள். முந்தின இரவே விமானம் அங்கே வந்து நிற்கும். தாமதம் பகல் முழுக்கச் சேர்ந்து சேர்ந்து ராத்திரிப் பயணத்தின் தலையில்தான் விடியும். பத்து வெள்ளி கூட என்றாலும் காலைப் பயணம் லாபம்.

எத்தனை நாள் முன்னால் எடுப்பது? கடன் என்று சொன்னேனே, அந்தக் கணக்குதான். என் வாடிக்கையாளர்களுக்குச் சின்ன நிறுவனமென்றால் மூன்று நாலு வாரத்துக்கு மேல் முன்கூட்டி எடுக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் விலை ஏறும், பரவாயில்லை. ஆறு மாதம் கழித்துப் பறப்பதற்கு அடிமாட்டு விலை போட்டு விற்கிறார்கள் என்றால், அது சில சமயம் புது வழித்தடத்துக்கு ஆள் பிடிக்க. சில சமயம் இன்றைய செலவுக்கு நாளைய காசைத் திரட்ட. வெளியில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தைப்பூசம், தீபாவளி, கல்யாணம் என்று தேதியை மாற்ற முடியாத பயணம் என்றால், போவதற்கு மட்டும் சின்ன நிறுவனத்தில் எடுத்து, திரும்பி வருவதற்கு வேறு நிறுவனத்தில் எடுங்கள். முழுக் காசையும் ஒரே இடத்தில் வைக்காமல் இருக்கலாம்.

காசு கட்டும் முறைதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கார்டில் கட்டுங்கள். கிரெடிட் கார்டு நல்லது. டெபிட் கார்டும் பரவாயில்லை. நிறுவனம் பறக்காமல் போனால், “நான் காசு கட்டிய சேவை கிடைக்கவில்லை” என்று உங்கள் வங்கியில் எழுதிக் கொடுத்து சார்ஜ்பேக், அதாவது கட்டிய காசைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம். இணைய வங்கி வழியாக நேராக அனுப்பினாலோ க்யூஆர் ஸ்கேன் செய்து கட்டினாலோ அந்த வழி கிடையாது. பழைய வவுச்சர், கிரெடிட் பாயிண்ட் எதையும் சேர்த்து வைக்காதீர்கள், கிடைத்தவுடன் பயன்படுத்திவிடுங்கள்.

இதில் என் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சின்ன நிறுவனங்கள் ஏஜெண்டுகளிடம் முன்பணம் வாங்கி வைத்துக்கொள்ளும். டிக்கெட் போடப் போட அதிலிருந்து கழியும். ஒரு முறை ஒரு நிறுவனம், “5,000 வெள்ளி டாப்-அப் செய்தால் போனஸ்” என்று அடுத்தடுத்து மூன்று மெயில் அனுப்பியது. நான் நம்பிப் போட்டேன். ஏழு வாரத்தில் அது மூடிக்கொண்டது. என் கணக்கில் 3,400 வெள்ளி அப்படியே நின்றது, இன்றுவரை வரவில்லை. நீங்கள் ஏஜெண்டிடம் ரொக்கமாகக் கொடுத்தால், உங்கள் டிக்கெட்டும் இந்த முன்பணத்திலிருந்துதான் போகும். உங்கள் கார்டு எங்கேயும் படாததால் வங்கியில் கேட்கவும் முடியாது. அதனால் என் கடையில் இப்போது வழக்கத்தை மாற்றிவிட்டேன். சின்ன நிறுவனம் என்றால், நீங்களே உங்கள் கார்டில் அவர்களுடைய இணையதளத்தில் எடுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் சரிபார்த்துத் தருகிறேன். பத்து வெள்ளி கொடுத்தால் போதும்.

பயணக் காப்புறுதி எடுத்தால், விமான நிறுவனம் நொடித்துப் போனால் காசு தருவீர்களா என்று நேராகக் கேளுங்கள். பல பாலிசிகளில் அது சேராது.

டிக்கெட் எடுத்த பிறகும் கண் வைத்திருங்கள். பயண நேரத்தை ஒரு தடவை மாற்றினால் சாதாரணம். மூன்றாவது தடவையும் மாற்றினால், தினசரி இரண்டாக இருந்த பயணம் ஒன்றானால், கால் சென்டரில் யாரும் எடுக்காவிட்டால், யோசியுங்கள். எனக்குத் தெரிந்த மிக நம்பகமான அறிகுறி இன்னொன்று. எங்கள் நிறுவனம் தடுமாற ஆரம்பித்தபோது சம்பளம் நாள் தள்ளாமல் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கைத் திறந்து பார்த்தால் இரண்டு மாதம் காலி. சாப்பாட்டு நேரத்தில் ஒருவருக்கொருவர் கைபேசியைக் காட்டிக்கொண்டோம். அங்கே வேலை செய்யும் உறவுக்காரப் பிள்ளை யாராவது இருந்தால், நலம் விசாரிப்பது போல இதையும் கேட்டுவிடுங்கள்.

விமானம் ரத்தானாலோ தாமதமானாலோ உங்களுக்கு உரிமை உண்டு. 2016-இல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளின்படி, 2 மணி நேரம் தாண்டினால் சாப்பாடு தர வேண்டும். 5 மணி நேரம் தாண்டி இரவு தங்க வேண்டி வந்தால் ஹோட்டலும் போய்வர வண்டியும் தர வேண்டும். 2024 செப்டம்பர் 2 முதல், 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானாலும் பயணம் வேண்டாம் என்று சொல்லி முழுக் காசையும் திரும்பக் கேட்கலாம். 30 நாளுக்குள், நீங்கள் கட்டிய அதே வழியில் அது வர வேண்டும். கவுண்டரில் வவுச்சரை நீட்டினால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே நிற்கும் பிள்ளையிடம் கத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு இரண்டு மாதமாக இபிஎஃப் வராமல் இருக்கலாம். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம்-இடம் போகலாம். முன்பு இந்தப் புகார்களைப் பார்த்த மாவ்கோம் என்ற ஆணையம் 2025 ஆகஸ்ட் 1 முதல் அதோடு இணைந்துவிட்டது.

ஒரேயடியாக மூடிவிட்டார்கள் என்றால் நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வங்கிக்குப் போன் செய்யுங்கள். சார்ஜ்பேக் கேட்க நாள் கணக்கு உண்டு. டிக்கெட், காசு கட்டிய ரசீது, நிறுத்தியதாக வந்த அறிவிப்பு மூன்றையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் இணையதளம் எப்போது வேண்டுமானாலும் அணைந்துவிடும்.

அப்புறம், மாற்று வழி ஒன்றை முதல் நாளிலிருந்தே கையில் வைத்திருங்கள். சில வருடங்களுக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு கல்யாணத்துக்கு, மாப்பிள்ளை வீட்டார் பதினாலு பேருக்கு நான் டிக்கெட் போட்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ரத்து என்று செய்தி வந்தது. டிக்கெட் போட்ட அன்றே பட்டர்வொர்த்தில் ஒரு வேன்காரரிடம் பேசி எண்ணை வாங்கி வைத்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு வேன் கிளம்பியது. மாப்பிள்ளை தாப்பா ஓய்விடத்தில் இறங்கி எனக்குப் போன் செய்தார், “அக்கா, தாலி அம்மா மடியில பத்திரமா இருக்கு” என்றார். காலை ஐந்தேமுக்காலுக்கு மண்டப வாசலில் இறங்கிவிட்டார்கள். முகூர்த்தம் ஒன்பதுக்கு.